பின்னல் என்ற ஒரே சொல்

ஒஸ்லோவில் ஸ்டோவ்னர் போகும் ரயிலில் எதிரே ஒரு பெண் நூலும் கையுமாக இருந்தாள்.

“அம்மா, அவ ஸ்ட்ரிக்கே செய்யிறா” என்றாள் என் மகள்.

“இல்லைப் பிள்ளை, அது ஹெக்லே.”

இங்கே பிறந்தவளுக்கு நோர்வேஜிய மொழியில் நான் பாடம் எடுக்கக்கூடிய ஒரே இடம் இதுதான்; விடுவேனா?

நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நீள ஊசிகளில் கண்ணிகளை வரிசையாக ஏற்றிப் பின்னினால் ஸ்ட்ரிக்கே. மூக்கு வளைந்த ஒரே ஊசியால் ஒரு கண்ணிக்குள்ளால் அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டே போனால் ஹெக்லே, அதாவது நம்முடைய குறோசே. யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் எனக்குப் பழக்கியது குறோசே மட்டும்தான். பீடத்துக்கு விரிப்பு, கதிரை முதுகுக்கு விரிப்பு, அவ்வளவுதான். அந்த வெக்கையில் கம்பளிச் சட்டைக்கு யார் அழுதது? தமிழில் எல்லாமே பின்னல், தலைமயிர் உட்பட.

ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் எல்லோரும் பின்னிக்கொண்டே கதைப்பார்கள். அவர்கள் இரண்டு ஊசிகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, பாவம், ஒன்றால் முடிகிற வேலை என்று நினைத்துக்கொள்வேன். மொழி தெரியாத என் பக்கத்தில் வந்து உட்காருபவள் பெரித் ஒருத்திதான். அவள் வராத நாட்களில் நான் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

பெரித் பிள்ளைத்தாய்ச்சியானாள். குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது போட, கையால் பின்னிய உடுப்பு வைத்திருப்பது இந்த ஊர் வழக்கம். அதில் சட்டையை நீ ஸ்ட்ரிக்கே செய்து தருவாயா என்று என்னிடம் கேட்டாள். வீட்டில் இவரிடம் அர்த்தம் கேட்டேன்.

“பின்னுறதுதான். உமக்கு அது நல்லா வருமே.”

வந்தது. அன்னாசிப்பழ வேலைப்பாட்டோடு, கை நுழைகிற அளவு ஓட்டைகளோடு, ஜனவரியில் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு சட்டை!

சாப்பாட்டறையில் அதை விரித்ததும் எல்லோரும் ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். தலைமைச் சமையல்காரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஹெக்லெத்” என்றாள். குறோசே செய்தது என்றுதான் சொன்னாள். என் காதில் அந்த ‘ஹ’ ஒலி விழவில்லை. “எக்கெல்த்” என்று கேட்டது. அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். முதியவர்கள் கஞ்சியைத் தள்ளிவிடும்போது சொல்வது. அருவருப்பு என்று பொருள். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். சட்டைக்காக அல்ல. நாளைக்கு பெரித் வேறு மேசைக்குப் போய்விடுவாள் என்று.

அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்து கதவைத் தட்டினாள். நான் உள்ளேயிருந்து “எக்கெல்த்” என்றதும், அது என் காதில் எப்படி விழுந்தது என்று புரிந்து சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“கதவைத் திற. என்னால தனிய எழும்ப ஏலாது” என்றாள் அவள் மொழியில். திறந்தேன்.

மகனைத் தடித்த கம்பளியில் சுற்றி, அதன் மேலே என் ஓட்டைச் சட்டையைப் போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். சாப்பாட்டறையில் இப்போது யாரும் பின்னுவதில்லை, எல்லோர் கையிலும் போன். பெரித் ஓய்வு பெற்று வடக்கே தன் ஊருக்குப் போய்விட்டாள். என் காதும் திருந்திவிட்டது. எதையும் பிழையாகக் கேட்பதில்லை, அழுதுகொண்டு ஓடுவதுமில்லை. ஓடினாலும் கதவைத் தட்ட அங்கே ஆளில்லை.