ஜோடிக்கு ஒரே ஆர்டர்

புதுச்சத்திரத்தில் இருக்கும் எங்கள் கோழிப்பண்ணைக்கு இன்று ஒரு கணவனும் மனைவியும் வேலைக்கு வந்தார்கள். தங்குவதற்குப் பண்ணையிலேயே வீடு. இங்கத்திய வழக்கப்படி இருவருக்கும் சேர்த்து ஒரே வேலை ஆர்டரைக் கணவன் பெயரில் அடித்து வைத்திருந்தேன்.

அவர் கையெழுத்துப் போட்டதும் மனைவி கேட்டார்.

"ஏனுங்க, நாளைக்கு இவரு வேலையை உட்டுட்டுப் போயிட்டா, நானும் ஊட்டைக் காலி பண்ணோணுங்களா?"

அவர் கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்ப வாங்கிப் படித்தேன்.

வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"வேலை செய்யறது ரெண்டு பேருன்னா ஆர்டரும் ரெண்டு குடுக்கோணுங்க" என்றார்.

இரண்டாவது ஆர்டரை அடிக்க உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. காலையிலிருந்து அந்த அம்மாவிடம் யாருமே பெயர் கேட்கவில்லை.

'ஜோடி ஆள் தேவை' என்று விளம்பரம் போடும் பண்ணைக்காரர்களே, உங்கள் பண்ணையில் அந்த இரண்டாவது ஆளின் பெயர் என்னங்க?