மாட்டுச் சங்கிலி கட்டிய மாப்பிள்ளைக் கார்

பனிக்கட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் மட்டும் கண்ட மனிதனுக்குக் கார்ச் சில்லில் சங்கிலி கட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். மகளைப் பார்க்கச் சுவிஸுக்குப் போயிருந்தபோது ஒரு வாடகைக் கார்க் கந்தோரில் அப்படித்தான் போனேன்.

மகளும் மருமகனும் என்னைப் பனிமலைக்குக் கூட்டிப் போவதென்று முடிவெடுத்திருந்தார்கள். அவர்கள் சறுக்குவார்கள். நான் அடிவாரத்தில் மூன்று சுவெட்டருக்குள் இருந்துகொண்டு தேத்தண்ணி குடிப்பேன். அதுதான் திட்டம். கந்தோரில் இருந்த பிள்ளை எல்லாவற்றையும் விளக்கினாள். காருக்குக் குளிர்காலத்து டயர் போட்டிருக்கிறதாம். ஆனால் மலைப்பாதையில் ஒரு பலகை வருமாம். அதற்கு மேலே சங்கிலி கட்டாமல் ஏற விடமாட்டார்களாம். சங்கிலி தேவையென்றால் இப்போதே சொல்ல வேண்டும், உங்களில் யாருக்குக் கட்டத் தெரியும் என்று கேட்டாள். மகள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள். மருமகன் பதிலைத் தேடிக் கைத்தொலைபேசியை எடுத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"வாப்பா, சும்மா இரிங்க. நாம ரெயில்ல போவம்."

"என்னத்துக்கு ரெயில்? நான் ஒம்பது வயசில கட்டினவன்."

மகள் அந்தப் பிள்ளையிடம் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்படிச் சிரிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உம்மாவின் கடைசித் தம்பிதான் எனக்குச் சின்ன மாமா. கல்முனையில் எங்கள் வளவிலேயே பிறந்து, எங்கள் வளவிலேயே சண்டை பிடித்து வளர்ந்தவர். அவருக்குச் சவளக்கடையில் பெண் பேசி நிக்காஹ்வுக்கு நாளும் குறித்தாயிற்று. எங்கள் பக்கத்தில் பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவார். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் வீடு. பிறந்த வீட்டுக்கு அவர் வந்தால் விருந்தாளிக்குப் போலப் பாய் விரித்துத் தேத்தண்ணி கொடுப்பார்கள்.

குறித்த நாளுக்கு ஒரு கிழமை முன்னால் மாரி மழை பிடித்தது. தார் றோட்டிலிருந்து பெண் வீடு அரைக் கட்டை தூரம், வயலுக்கு நடுவால் போகும் மண்பாதை. ஒரு பக்கம் வாய்க்கால். மழையில் எது பாதை எது வயல் என்று கொக்குகளுக்கே தெரியவில்லை. பெண்ணின் காக்கா, அவளுடைய அண்ணன், நல்லெண்ணத்தில் ஆள் அனுப்பினார். மாப்பிள்ளையைத் தார் றோட்டு மட்டும் காரில் கொண்டு வாருங்கள், அங்கிருந்து எங்கள் உழவு மெசின் வரும், அது இழுக்கிற பெட்டியில் புதுப் பாய் விரித்து ஏற்றிக்கொண்டு போகிறோம் என்றார்.

சின்ன மாமா துள்ளி எழும்பினார்.

"நான் என்ன நெல்லு மூட்டையா?"

"மழைக்கு உன்ட ரோசம் தெரியுமா மச்சான்? ஏறிட்டுப் போ" என்றார் வாப்பா.

"உங்களுக்குத் தெரியா மச்சான். முதல் நாளே அவர்ட பெட்டியில ஏறிப் போனா, மௌத்தாகி மண்ணுக்குப் போகு மட்டும் நான் அந்தப் பெட்டியிலதான். நான் என்ட காரிலதான் போவன்."

என்ட கார் என்று அவர் சொன்னது வாடகைக்குப் பிடித்த வெள்ளைக் காரை. அதன் சொந்தக்காரர், எங்களுக்குக் கார்க்காரக் காக்கா, தானேதான் ஓட்டுவார். காரைத் தினமும் இரண்டு முறை குளிப்பாட்டுவார், தன்னை ஒரு முறை. அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். "தார விட்டு என்ட சில்லு இறங்காது."

கலியாண வெட்டுக்குச் சலூனுக்குப் போன இடத்தில்தான் சின்ன மாமாவுக்கு வழி பிறந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக் கலண்டர் ஒன்று தொங்கியது. வெள்ளை மலை, வெள்ளை றோடு, நடுவில் ஒரு சிவப்புக் கார். அதன் டயரைச் சுற்றிச் சங்கிலி. பாதி வெட்டிய தலையோடு எழும்பிப் போய் அந்தப் படத்தை மூக்கு முட்டப் பார்த்துவிட்டு வந்தாராம். வீட்டுக்கு வந்ததும் அறிவித்தார். "பனியும் சேறும் ஒரு வாப்பாட புள்ளைகள். அங்க வழுக்காதது இங்க ஏன் வழுக்கப் போகுது?"

சங்கிலிக்கு எங்கே போவது? வாப்பாவிடம் ஆறு மாடுகள் இருந்தன. ஆறின் கழுத்திலும் சங்கிலி இருந்தது. கலியாண நாள் காலையில் ஆறும் கயிற்றுக்கு மாறின. அதில் ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியில் நிக்காஹ் விருந்தை முதலில் தொடங்கி வைத்தது.

தார் றோட்டு முடியும் இடத்தில் உழவு மெசின் காத்து நின்றது. பெண்ணின் காக்கா அதன் மேலே வெற்றிலை சப்பிக்கொண்டு இருந்தார். சின்ன மாமா காரை விட்டு இறங்கி மாட்டுச் சங்கிலிகளைக் குவித்ததும் அவருக்கு வெற்றிலை புரையேறியது.

"மாப்பிள்ள காருக்கு மூக்கணாங்கயிறு இல்லியா?"

கார்க்காரக் காக்கா கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார். சின்ன மாமா கண்ணாடியில் தட்டி மெதுவாகச் சொன்னார். "காக்கா, உங்கட காருக்கு ஏலாதெண்டு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் மெசின்ல ஏறுறன். அவரும் கேக்கட்டும்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவரால் ஏலவில்லை. கதவு திறந்தது.

கட்டியது நான். இதை யாரும் மறைக்க வேண்டாம். பின் சில்லுத் தட்டில் இருந்த ஓட்டைகளுக்குள்ளால் சங்கிலியை விட்டு, உள்பக்கத்தால் கையைக் கொடுத்து இழுத்து, டயரைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பெரியவர்களின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. என் கை ஈர்க்குச்சி. ஒரு சில்லுக்கு மூன்றாக ஆறு சங்கிலியும் நான்தான் கோத்தேன். நுனிகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கியது சின்ன மாமா. பிறகு நடந்ததற்குக் கம்பிதான் பொறுப்பு, கோர்வை அல்ல.

கார் இறங்கியது. முன்னால் கார்க்காரக் காக்காவும் வாப்பாவும். பின்னால் வெள்ளை உடுப்பில் சின்ன மாமா, பக்கத்தில் நான். மாப்பிள்ளையின் சிவப்புத் துருக்கித் தொப்பி கசங்கிவிடக் கூடாதென்று என் மடியில் இருந்தது. உழவு மெசின் பின்னாலேயே வந்தது. "பயமில்ல, கயிறு இரிக்கி. தாழ்ந்தா இழுத்தெடுப்பம்" என்று பெண்ணின் காக்கா கூவிக்கொண்டே வந்தார்.

ஆனால் தாழவில்லை! சங்கிலி சேற்றைக் கடித்துக் கடித்து ஏறியது. கால்வாசித் தூரம், பாதித் தூரம். சின்ன மாமா பின்கண்ணாடியால் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கம்பி அவிழ்ந்தது.

அவிழ்ந்த நுனி சில்லு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் என் காலுக்குக் கீழே தகரத்தில் ஓங்கி அடித்தது. டமார். டமார். எனக்கு அது சங்கிலி என்று தெரியும். நானே கோத்த சங்கிலி. ஆனாலும் வயலுக்கடியில் இருந்து யாரோ கதவைத் தட்டுவதாகத்தான் என் ஈரல்குலைக்குத் தோன்றியது. பயத்துக்கு ஓதுகிற துஆ எதுவும் வாயில் வரவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஓதுகிற துஆதான் வந்தது. அதைச் சத்தமாக மூன்று முறை ஓதினேன். கார் வாய்க்கால் பக்கம் ஒரு முழம் சரிந்தது. அவ்வளவுதான். கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன், தொப்பியோடு.

இடுப்பு மட்டும் சேறு. தொப்பி எனக்கு முன்னால் ஒரு பாகம் தள்ளி, குஞ்சம் மேலே தெரிய விழுந்து கிடந்தது. நான் பாய்ந்த அதே கணத்தில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி வாய்க்கால் விளிம்பை விட்டு ஏறியது. பாரம் குறைந்ததால்தான் ஏறியது என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். மருமகன் இதற்கு ஏதோ கணக்குப் போட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் நிறை போதாது என்கிறார். அவர் அங்கே இருக்கவில்லை.

உழவு மெசின் என் பக்கத்தில் வந்து நின்றது. பெண்ணின் காக்கா குனிந்து கை நீட்டினார். "ஏறு மன" என்றார், பெற்ற மகனைக் கூப்பிடுகிற மாதிரி.

எனக்குப் பல் கிட்டியது. செருப்பு ஒன்று சேற்றுக்குள் போய்விட்டது. அழுகையும் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் சொன்னேன்: "நான் மாப்பிள்ளைட ஆள். மெசின்ல ஏற மாட்டன்."

தொப்பியை எடுத்துக்கொண்டு மீதிப் பாதையை நான் நடந்துதான் போனேன். நடந்தேன் என்பது மரியாதைக்கு. எருமைக்கன்று நீந்துகிற மாதிரித்தான். எனக்குப் பின்னால் அந்த மனிதர் மெசினை மிக மெதுவாக, சிரிக்காமல், கடைசி மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் சிரிக்காததற்காக இன்றும் அவரை எனக்குப் பிடிக்கும்.

பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை இறங்க நீளப் பலகை போட்டு, அதன் மேல் சீலை விரித்திருந்தார்கள். தொப்பிக்காகக் காரிலேயே காத்திருந்த சின்ன மாமா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த தொப்பியைப் பார்த்தார். தொப்பியை வாங்கிச் சேறு வழிய வழியத் தலையில் வைத்துக்கொண்டார். பலகைக்குப் பக்கத்தில், முழங்கால் புதையும் சேற்றில், வெள்ளைக் காற்சட்டையோடு காலை வைத்தார்.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் அவருடைய காலைக் கழுவிவிட வேண்டும். மாப்பிள்ளை அவருக்கு ஒரு மோதிரம் போடுவார். வழக்கமாக அது பேருக்குத்தான், செம்பில் நாலு சொட்டுத் தண்ணீர் வார்த்தால் முடிந்தது. பெண்ணுக்கு இருந்தது ஒரே ஒரு சகோதரன், இந்தக் காக்காதான். மெசினை விட்டு இறங்கி வந்தவர் சின்ன மாமாவின் கால்களைப் பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

"வாளியக் கொண்டு வாங்க."

"உங்கட வயல் சேறுதானே மச்சான்" என்றார் சின்ன மாமா.

மூன்று வாளி தண்ணீர் போயிற்று. விரலிடுக்கெல்லாம் தேய்த்தார் அந்த மனிதர். கூட்டம் கை தட்டியது. மோதிரம் போடும்போது இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். மெசின் பெட்டிக் கதை அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு நாற்பது வருசமாக அந்த இரண்டு மச்சான்மாரும் ஒரே வயலைச் செய்கிறார்கள்.

இதுவரைதான் நான் கலியாண வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் கதை. கைதட்டலோடு நிறுத்திவிடுவேன்.

சுவிஸ் மலையில் பலகை வந்ததும் நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு இறங்கி, சங்கிலியைப் பின் சில்லுகளில் கட்டினேன். இருபது நிமிசம். விரல் பத்தும் விறகு. கடைசி முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது மருமகன் மிக மரியாதையாக, "மாமா, இந்தக் காருக்கு முன் சில்லுதான் இழுக்கும்" என்றார். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். தொடங்கும்போதே தெரியுமாம், சொல்லக் கூச்சமாம். எல்லாவற்றையும் கழற்றி முன் சில்லில் கட்டினேன். கட்டி முடித்த பிறகும் எழும்பாமல் கொளுக்கியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலையில் அதே கார் என்னை விமான நிலையத்தில் இறக்கிவிடும். மகள் அங்கேயே இருப்பாள். எங்கள் பரம்பரையில் வீட்டை விட்டுப் போன முதல் பெண்பிள்ளை அவள்தான்.

"காணும் வாப்பா, இறுகிட்டு" என்றாள் பின்னால் நின்று.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

என் வாயில் வந்த சொல் என்னுடையதல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்குச் சேற்றில் காலை வைத்த சின்ன மாமா நேரே வாசலுக்குப் போகவில்லை. அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, காரின் பின்பக்கம் போய்ச் சேற்றில் குந்தினார். கார் திரும்பிப் போக வேண்டும், வாப்பாவும் நானும் அதில்தான் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவிழ்ந்த கம்பியை முறுக்கினார். பிறகு அவிழாத கம்பிகளையும் முறுக்கினார். பிறகு மற்றச் சில்லுக்குப் போனார். கார்க்காரக் காக்கா, "எழும்புங்க மாப்பிள்ள, நான் பாக்கிறன்" என்றார். அவர் எழும்பவில்லை. வாப்பா ஏனோ வயல் பக்கம் திரும்பி நின்றார்.

நான்தான் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினேன். "மாமா, இறுகிட்டு, வாங்க!"

"இன்னும் கொஞ்சம், மன" என்றார். தொப்பியில் இருந்து சேறு அவருடைய முகத்தில் வழிந்திருந்தது, அவர் துடைக்கவில்லை.

எனக்கோ உள்ளே இருந்து இறைச்சி மணம் வந்துகொண்டிருந்தது. சஹனுக்கு ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்காருவார்கள். இந்த மனிதர் இப்படியே குந்திக்கொண்டிருந்தால் முதல் பந்தியில் எனக்கு இடம் கிடைக்காதே என்று எரிச்சலாக இருந்தது.