கயல் முகத்தில் மட்டும் மாறாத நிறம்

பேய், செய்வினை எதையும் நான் நம்பினவன் இல்லை. கல்யாணங்களுக்கு போட்டோ எடுக்கிறவன், வெளிச்சம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். நீங்கள் நம்பாவிட்டாலும் போகட்டும், 'உங்க லைட் சரியில்ல' என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்டுக் கேட்டு எரிச்சலாகிவிட்டது.

எல்.இ.டி. விளக்குகள் எங்களைப் போன்ற சின்ன ஸ்டுடியோக்காரர்கள் கைக்கு வந்திருந்த புதிது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸில் நிச்சயதார்த்தம். பெண்ணின் பெயர் கயல். மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு கூசுதுங்க, கொஞ்சம் கொறைங்க" என்றார். குறைத்தேன்.

எல்.இ.டி.யை இரண்டு விதமாகக் குறைக்கலாம். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து எரியவிட்டால் நிறம் பெரிதாக மாறாது, வீடியோவில்தான் கோடு ஓடும். உள்ளே போகும் மின்சாரத்தையே குறைத்தால் கோடு வராது, ஆனால் வெள்ளை லேசாகப் பச்சையடிக்கும். என்னுடையது இரண்டாவது ரகம். கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

படங்களைத் திறந்தால் எல்லார் முகத்திலும் பச்சை, கயல் முகத்தில் மட்டும் துளியும் இல்லை. மாப்பிள்ளையோடு தோள் ஒட்டி நிற்கிறாள், ஒரே வெளிச்சம், அவன் பச்சை, இவள் இல்லை. இடம் மாறி உட்கார்ந்த படங்களிலும் அப்படியே. பச்சையை எடுத்தால் எல்லாரும் சரியாகிவிட்டார்கள், இவள் முகம் மட்டும் ரோஸ் நிறத்துக்குப் போனது.

மாப்பிள்ளையின் அம்மா ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணு மேல என்னாமோ இருக்குது, அதான் தனியா தெரியுது" என்றார்.

"கோளாறு என் லைட்டுலதாங்க. பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க" என்று கெஞ்சினேன்.

"எங்கள பாத்தா ஏமாந்தவங்களா தெரியுதா?"

கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். விளக்கின் மேல் பழி போட்டிருந்தால் ஒரு பெண் தப்பித்திருப்பாள், அன்றைக்கு என்னைத் தவிர ஒருவரும் போடவில்லை. இப்போது கதை கேட்கிறவர்கள் எல்லாரும் போடுகிறார்கள். எனக்கு வயிறு எரியாதா?

சில வாரம் கழித்து, பட்டப்பகலில், கயல் ஸ்டுடியோவுக்குத் தனியாக வந்தாள். "அதே லைட்ட வெச்சி என்ன எடுங்கண்ணா. ஊரே பேசிக்கினு இருக்குது, எனக்குத் தெரிஞ்சாவணும்."

நிறம் ஒப்பிட வெள்ளை அட்டையை வலது கையில் பிடித்து அவள் முகத்தருகே நீட்டினேன், இன்னொரு கையால் விளக்கைக் குறைத்துவிட்டு, ஸ்டாண்டில் இருந்த கேமராவை அழுத்தினேன். திரையில் அவள் முகம் நல்ல பச்சையாக இருந்தது. கயல் முதலில் சிரித்தாள். பிறகு மெதுவாக, "அண்ணா, உங்க கையப் பாருங்க" என்றாள்.

அட்டை பச்சையாக இருந்தது. அதைப் பிடித்திருந்த என் விரல்கள் பச்சையாக இல்லை.

கயலுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது, நானேதான் எடுத்தேன், நன்றாக இருக்கிறாள். அந்த விளக்கைப் பலருக்குப் பிரித்துக் காட்டிவிட்டேன், பழுது ஒன்றுமில்லை என்றார்கள். எப்போதாவது தைரியம் வந்தால் அதைக் குறைத்து வைத்து என் கையைப் படம் எடுத்துப் பார்ப்பேன். அன்று பச்சை ஏறாமல் இருந்தது விரல்கள் மட்டும்தான். இப்போது முழங்கை வரை வந்திருக்கிறது.