ரத்தோட்டையிலிருந்து கலேவெல வரை ஒரு பிரேக் பெட்டி

காலை 6.10. ரத்தோட்டைக்கு மேலே ஆறு கிலோமீட்டர் ஏறினால் வரும் தோட்டத்தின் கீழ் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம். தூறல் நின்றபாடில்லை. ஜனவரியில் மாத்தளைப் பக்கம் வருகிறவர்கள் குடையை நம்பாமல் ரெயின்கோட் கொண்டு வருவது நல்லது. நான் குடையை நம்பினேன், அது காற்றுக்கு மல்லாந்துவிட்டது. ஓர் அலுமாரி, இரண்டு மேசை, தையல் மெஷின், மாதா படம், ஐந்து சாக்கு நிறையப் பாத்திரம், ஒரு கூடையில் கோழிகள். ரீட்டா என்கிற முப்பத்துநாலு வயதுப் பெண்ணின் குடித்தனம் முழுவதும் அந்தோனியின் டிரெயிலரில் ஏறிக்கொண்டிருந்தது.

அந்தோனி என் மனைவியின் தம்பி. மாத்தளையில் ஒரு டபுள் கெப் பிக்கப்பும், அதற்குப் பின்னால் கொளுவுகிற டிரெயிலரும் வைத்து ஹயர் ஓடுகிறான். நான் கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில் வாகன வயரிங் பாஸ். இருபத்தாறு வருடமாக மற்றவர்களுடைய வண்டிகளுக்கு விளக்கு எரியவைத்துச் சாப்பிடுகிறவன். ரீட்டாவின் புருஷன் ஜோசப், அந்தோனியின் வண்டியில் கூட வேலை செய்தவன். போன ஒக்டோபரில் இந்தத் தோட்டத்து இறக்கத்தில், இதே டிரெயிலருக்கு அடியில் செத்துப்போனான். அந்தச் சாவில் எனக்குப் பங்கு இருக்கிறது. அது ரீட்டாவுக்குத் தெரியாது. கலேவெலவில் அவளுடைய அக்கா வீட்டில் சாமான் இறக்குவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முந்தின நாள் கொழும்பிலிருந்து பஸ் ஏறினேன். சிகிரியா பார்க்க வந்தேன் என்று எழுதலாம். அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும்.

டிரெயிலர் சங்கதி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். பின்னால் இரண்டு டன் ஏற்றிவிட்டு முன் வண்டியில் பிரேக் பிடித்தால், பின்னால் இருப்பது நிற்காது, தள்ளும். இறக்கத்தில் கேட்கவே வேண்டாம். இதற்கு நம் மலைகளில் வைத்திருக்கும் வைத்தியம் ஓர் ஆள். டிரெயிலர் ஓரத்தில் தொங்கிக்கொண்டு வருவான், கையில் ஒரு மரக்கட்டை. வண்டி கை மீறிப் போகிற மாதிரி இருந்தால் குதித்து ஓடிச் சில்லுக்கு அடியில் கட்டையைப் போடுவான். கட்டை போடுகிறவன் என்றே அவனுக்குப் பெயர். ஜோசப் அந்த வேலையில் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்வார்கள். இவ்வளவுக்கும் அந்தோனியின் டிரெயிலர் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சாமான், அதன் சில்லுக்குள்ளேயே மின்சார பிரேக் இருந்தது. அதை வேலை செய்யவைக்க முன் வண்டிக்குள் ஒரு கன்ட்ரோலர் வேண்டும். அந்தோனி அதைப் பிரேக் பெட்டி என்பான். அது இல்லாவிட்டால் பின்னால் இருப்பது வெறும் இரும்பு.

அந்தப் பெட்டியை ஜூன் மாதம் கொழும்பில், வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கியவன் நான்தான். இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று 14,500 ரூபாய். பிரேக்கில் கால் பட்டதும், மெல்ல மிதித்தாயா ஓங்கி மிதித்தாயா என்று பாராமல், பெட்டியில் முன்கூட்டியே குறித்து வைத்த அளவுக்குப் படிப்படியாக ஏறிப் பிடிக்கும். மற்றது 38,000. முன் வண்டி எவ்வளவு வேகம் குறைகிறதோ, அதற்குத் தகுந்தபடி பின்னாலும் பிடிக்கும். சமவெளியில் ஓடுகிறவருக்கு முதலாவது போதும். மலை இறங்குகிறவன் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். நான் இரண்டாவதை வாங்கினேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வாங்கி அனுப்பிவிட்டு அந்தோனியிடம், "வேற எவனையும் கை வைக்க விடாத, நானே வந்து வண்டியில பூட்டுறேன்" என்றேன். மாத்தளையில் வயரிங் பாஸ்மார் இல்லையா? தாராளமாக இருக்கிறார்கள். எனக்குத்தான் கொழுப்பு. ஜூலையில் வருகிறேன் என்றேன், கராஜில் வேலை. ஓகஸ்டில் மழை. செப்டெம்பரில் கிரிக்கெட் மேட்ச். பெட்டி சீட்டுக்கு அடியில் கிடந்தது. ஒக்டோபரில் உர மூட்டையோடு இறங்கும்போது டிரெயிலர் தள்ளியது. ஜோசப் கட்டையோடு குதித்தான், ஈரத்தில் வழுக்கி விழுந்தான். அடக்கம் முடிந்த மறுநாளே வந்து பூட்டிவிட்டேன்.

6.50. லயத்துக்குப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிக்கு முன்னால் முந்நூறு மீட்டர் நீளத்துக்குச் சமதரை இருக்கிறது. சாமான் ஏற்றியபிறகு பெட்டியின் அளவைச் சரிபார்க்க வேண்டும். வெறும் வண்டியில் வைத்த அளவு, பாரத்துக்கு உதவாது. அந்தோனி ஓட்டினான், நான் பெட்டியின் கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தேன். அது டிரெயிலருக்கு மட்டும் பிரேக் போடும். அளவை நாலில் வைத்தபோது இழுப்பு போதவில்லை. ஏழில் சில்லு இறுகி வழுக்கியது. ஆறில் வைத்தோம். பிறகு இறங்கிப் பிளக்கையும் சங்கிலியையும் பார்த்தேன். டிரெயிலர் கழன்றால் தானாகப் பிரேக் போடவைக்கிற மெல்லிய கம்பி ஒன்று உண்டு, அதையும் இழுத்துப் பார்த்தேன். அப்போது அந்தோனி பக்கத்தில் வந்து குசுகுசுத்தான்.

"சொல்லி என்னா ஆவப்போவுது மச்சான்? செத்தவன் எந்திரிச்சா வரப்போறான்?"

"அவன் வரமாட்டான். நான் தூங்கணுமில்ல?"

"ஓஹோ. ஒங்க தூக்கத்துக்காக அந்தப் புள்ளயோட தூக்கத்தக் கெடுக்கப்போறீங்க."

நான் குனிந்து பிளக்கை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

7.05. ரீட்டா பின் சீட்டில் ஏறினாள். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் தொடங்குகிறது என்று முன்னமே அக்காவிடம் அனுப்பிவிட்டாள். இத்தனை வருடம் குடியிருந்து பூட்டிய லயத்துக் காம்பராவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டிரெயிலரைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தோனி அண்ணே, கட்டை போட ஆளு எங்க?"

அந்தோனி என்னைப் பார்த்தான். "இப்ப ஆளு வேணாம்மா. பெட்டி போட்டாச்சு."

"ஆளு இல்லாம எப்படிண்ணே எறங்குறது? பயமா இருக்கு."

"பயப்படாத. ரெண்டாவது கியர்ல மெதுவா போறேன்."

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். இறக்கம் ஒன்றரைக் கிலோமீட்டர், ஐந்து கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவில்தான் ஜோசப் விழுந்தான். அந்தோனி பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் பெட்டியின் சின்னக் கண்ணாடியில் எண் ஏறியது. பின்னாலிருந்து யாரோ கயிறு பிடித்திருக்கிற மாதிரி டிரெயிலர் அடக்கமாக வந்தது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு தள்ளல் இல்லை. மூன்றாவது வளைவில் அலுமாரிக் கதவுகூட ஆடவில்லை. இவ்வளவு லேசாக இருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கஷ்டப்பட்டு இறங்கியிருந்தால் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

8.40. மாத்தளை நகரம். ரத்தோட்டையிலிருந்து பதினொரு கிலோமீட்டர். கலேவெலவுக்குப் பலாப்பத்வெலயில் திரும்பி வஹாக்கோட்டை வழியாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் அந்த வழி ஒடுக்கம், டிரெயிலரோடு வளைப்பது பாடு. ஏ9 பெரும் பாதை வழியே நாவுல, தம்புள்ளை போய் அங்கிருந்து குருநாகல் பாதையில் திரும்புவதென்று முடிவாயிற்று. அலுவிகாரையில் சொல்லலாம் என்றிருந்தேன். வெள்ளைக்காரர்களை ஏற்றிய பஸ்கள் வழியை அடைத்து நின்றன, சொல்லவில்லை. நாலந்தாவில் சொல்லலாம் என்றிருந்தேன். ரீட்டா கண்ணை மூடியிருந்தாள், அதையும் ஒரு சாக்காக எடுத்துக்கொண்டேன். சாக்குச் சொல்வதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

10.20. நாவுல. பஸ் ஹோல்டுக்குப் பக்கத்துக் கடையில் பிளேன்டீ அறுபது ரூபாய், பணிஸ் என்கிற பன் எண்பது. மழை இங்கேயும் விடவில்லை. அந்தோனி டயர்களைத் தொட்டுப் பார்க்கப் போனான். அதிகம் சூடேறியிருந்தால் பிரேக் இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். நானும் ரீட்டாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"அந்தப் பெட்டி ரொம்ப வெலையாண்ணே?"

"முப்பத்தெட்டாயிரம்."

"அவரு போன பொறவு வாங்குனீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். பிளேன்டீயைக் குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இல்ல தங்கச்சி. ஜூன்லயே வாங்குனது."

அவளுக்குக் கணக்குப் போட ஒரு நிமிடம் ஆயிற்று. "ஜூன்லயா? அப்ப ஏன் பூட்டல?"

"நான் வந்து பூட்டுறேன்னு சொன்னேன். வரல."

"பூட்ட எவ்வளவு நேரம் ஆவும்?"

"அரை நாள்."

"மாத்தளையில பூட்டத் தெரிஞ்ச ஆளு இல்லையா?"

"இருக்காங்க. நான்தான் வேற ஆளு தொடக்கூடாதுன்னு அந்தோனிகிட்ட சொல்லிட்டேன். என் வேலைன்னு ஒரு வீம்பு. ஒரு தடவை வேலை, ஒரு தடவை மழை. கடைசித் தடவை, செப்டெம்பர்ல, மேட்ச் பாக்க நின்னுட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். காறித் துப்புவாள் என்றுகூட நினைத்தேன். துப்பினால் துடைத்துக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"மேட்ச்ல யாரு ஜெயிச்சா?"

யோசித்துப் பார்த்தேன். சத்தியமாக ஞாபகம் வரவில்லை. "தெரியல தங்கச்சி" என்றேன். அதைச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று வெட்கமாகவும் இருந்தது.

தம்புள்ளை பஸ் ஒன்று வந்து நின்றது. அவள் எழுந்து அந்தோனியிடம் போனாள். "கோழிய மட்டும் பாத்துக்கங்கண்ணே. நான் பஸ்ல வர்றேன்" என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஏறிவிட்டாள். எங்கள் பக்கத்து ஜன்னல் சீட் காலியாக இருந்தும் அவள் மறுபக்கத்து வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

11.35. தம்புள்ளை. மரக்கறி லொறிகள் நெருக்கியடித்து நின்ற சந்தியில் அந்தோனி என் பக்கம் திரும்பினான். "எனக்கும் சேத்துத்தான் சொன்னீங்க. பெட்டிய சீட்டுக்கு அடியில வச்சுக்கிட்டு அவன பின்னால தொங்கவிட்டவன் நான்" என்றான். குருநாகல் பாதையில் திரும்பினோம். தட்டையான பாதை, இரு பக்கமும் வயல். பெட்டிக்கு வேலையே இல்லை.

12.30. கலேவெல. ரீட்டாவின் அக்கா வீடு சந்தைக்குப் பின்னால், கூரைத் தகடு போட்ட இரண்டு அறை. ரீட்டா எங்களுக்கு முன்னே வந்து வாசலில் நின்றாள். அக்காவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை போலும், அந்த அம்மா எங்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்றார். அலுமாரி, மேசை, மெஷின், சாக்குகள், கோழிக் கூடை எல்லாம் இறங்கின. மாதா படத்தை நான் எடுக்கப் போனேன். ரீட்டா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

சாமான் இறக்கியதும் மறக்கக் கூடாத காரியம் ஒன்று இருக்கிறது. ஆறில் இருந்த அளவை வெறும் டிரெயிலருக்கு இரண்டாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத் தாரில் சில்லு இறுகி டிரெயிலர் ஒரு பக்கம் இழுத்துப் போகும். அந்தோனி குறைத்தான். நான் பார்த்துக்கொண்டேன்.

அக்கா உள்ளே இருந்து, "சோறு ஆக்கியாச்சு, கை கழுவிட்டு வாங்கண்ணே" என்று கூப்பிட்டார். நான் ரீட்டாவைப் பார்த்தேன். அவள் குனிந்து கோழிக் கூடையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "பசி இல்லம்மா, நேரம் ஆச்சு" என்றேன். விடியற்காலையிலிருந்து ஒரு பணிஸைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை.

மாத்தளைப் பக்கம் எந்த வீட்டை விட்டுப் புறப்பட்டாலும், பிடிக்காத மனிதனாக இருந்தாலும், வாசலில் நிற்கிறவர்கள் ‘போயிட்டு வாங்க’ என்றுதான் சொல்வார்கள். என் வத்தளை வீட்டில் கடன்காரனுக்குக்கூட அப்படித்தான் சொல்லி அனுப்புவோம். வண்டி ஸ்டார்ட் ஆனதும் ரீட்டா கேட் வரைக்கும் வந்தாள். என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். மழைத்தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

"போங்கண்ணே" என்றாள். "மெதுவா போங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கேட்டை இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.