அரசி படியிறங்கும் வேகம்

2005, ஐப்பசி: சென்னையிலிருந்து உறவினர் ஒருவர் அனுப்பிய குறுந்தட்டு ஒஸ்லோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மௌனப்படம் ஒன்றின் எஞ்சிய மூன்று நிமிடங்கள். ஒளிப்பதிவு: என் மனைவியின் அப்பப்பா. 2006, தை: மனைவி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். மாசி: காலமானார்.

தட்டை முதன்முறை ஓடவிட்ட மாலை நினைவிருக்கிறது. மகனைப் போருக்கு அனுப்பிவிட்டு அரசி ஒருத்தி படியிறங்கி வருகிறாள். கமராவின் பிடியைக் கையால் சுழற்றி எடுத்த படத்தை யாரோ இக்கால வேகத்தில் தட்டில் ஏற்றியிருந்தார்கள். அரசி சிட்டுக்குருவிபோலத் துள்ளித் துள்ளி இறங்கினாள். "அம்மா, உவ ஸ்டோவ்னருக்குப் போற ரெயினைப் பிடிக்கவோ ஓடுறா?" என்றான் எங்கள் மகன். நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. "அப்பப்பா இப்பிடி எடுக்கேல்லை. சரியான வேகத்திலை ஒருக்கா எனக்குக் காட்டுங்கோ," என்றார். தைப்பொங்கலுக்குள் காட்டுவதாக வாக்களித்தேன்.

பேசும்படம் தோன்றுமுன்பே யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை சென்று கமராவுக்குப் பின்னால் நின்ற முன்னோடிகளுள் அப்பப்பாவும் ஒருவர். கமராவுக்கு மோட்டார் வந்ததும் அந்தக் கைக்கு வேலையில்லாமற் போயிற்று. ஊர் திரும்பிக் கலியாணப் படங்களும் கடவுச்சீட்டுப் படங்களும் எடுத்து வாழ்ந்தார். முதுமையிலும் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி வலக்கையை வெறுங்காற்றில் சுழற்றுவாராம். சிறுமியான என் மனைவி அந்த மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, கூடவே தன் கையையும் சுழலவிடுவாராம்.

நான் பௌதிகம் கற்பித்தவன். அரசியின் கூந்தலிலிருந்து ஒரு பூ விழுகிறது. பொருள் விழும் விதி எக்காலத்துக்கும் ஒன்று. ஆகவே பூவைக் கொண்டு கமராவின் வேகத்தைக் கணிக்கலாம் என்று முடிவுசெய்து வாரக்கணக்கில் மேசையில் இருந்தேன். ஒருநாள் மனைவி குசினியிலிருந்து அகப்பையுடன் வந்து, "துக்கத்துக்கு ஒரு கை, சண்டைக்கு ஒரு கை எண்டு அப்பப்பா சுத்துவார். நான் சுத்திக் காட்டட்டோ?" என்றார். நினைவு ஓர் அளவுகோல் அல்ல என்று, தாளிலிருந்து தலை நிமிராமல் சொன்னேன்.

"ஓமோம், உங்களுக்கு விழுற பூவிலை நம்பிக்கை. என்ரை கையிலை இல்லை," என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

கணிப்பு பங்குனியில் முடிந்தது. பிழையில்லை. கணித்த வேகத்தில் ஓடவிட்டால், பூ விழும் அந்தக் கணத்தில் மட்டும் அரசி மனுஷியாக நடக்கிறாள். அதற்கு முன்னும் பின்னும் அப்பப்பா கையை வேறு வேகத்தில் சுழற்றியிருக்கிறார். அங்கே பூவேதும் விழவில்லை. அந்த வேகங்களை அறிந்திருந்த ஒரே கை அன்று குசினி வாசலில் நின்றது.

தட்டு இப்போதும் மேசையில்தான் இருக்கிறது. அந்த வேகத்தில் ஓடவிட்டால் அரசி துள்ளுகிறாள், ஒரு கணம் நடக்கிறாள், மீண்டும் துள்ளுகிறாள்.

செய்யாதவை:
சென்னை உறவினருக்கு நன்றிக் கடிதம்.
மீதிப் படிகளுக்கான வேகம்.
தலை நிமிர்ந்து, "சுத்திக் காட்டும்" என்று சொல்லுதல்.