கடைக்குள் பொருந்திய ரவிக்கைத் துணி

எனக்குக் கண் மங்கிவிட்டது என்று என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிவருகிறாள். தவறு. குறை கடை விளக்கில்.

பேத்தி கல்யாணத்துக்கு எடுத்த கத்தரிப்பூ நிறப் புடவைக்குக் கடையில் அச்சாகப் பொருந்திய ரவிக்கைத் துணி, வீட்டு வாசலில் பழுப்பாகத் தெரிந்தது. இன்று இரண்டையும் கொண்டுபோனேன்.

கடைக்காரர் மஞ்சள் விளக்கடியில் விரித்தார். "இம்புட்டுகூட வித்தியாசம் இல்லையேம்மா!"

"செத்த நேரம் தெருவுக்கு வாங்க, தம்பி."

வெயிலில் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "கடைக்குள்ள நல்லாத்தானே இருந்துச்சு..."

"அப்பக் கல்யாணத்த உங்க கடையிலயே வச்சுக்கிடுவமா?"

வெயிலில் பொருந்தும் இன்னொரு துணியும் வாங்கிவந்தேன். ஆனால் கல்யாணம் மண்டபத்துக்குள். முன்வரிசையில் நாத்தனார்.

நாளை தையற்காரரிடம் எதைக் கொடுப்பது? நிலக்கோட்டை மண்டபத்தில் எரிவது மஞ்சள் விளக்கா, வெள்ளை விளக்கா? பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள்.