கூட்டினால் எட்டு

எங்கள் வீட்டில் எந்த எண்ணும் சும்மா இருந்துவிட முடியாது. கண்ணில் பட்டதும் என் கணவர் அதைக் கூட்டிப் பார்த்துவிடுவார். பைக் வாங்கப் பணம் கட்டிவிட்டு, பிடித்த நம்பர் வரிசை வரட்டும் என்று மாதக்கணக்கில் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர் அவர். திண்டிவனம் போகிற பஸ்ஸில் எட்டு என்று எழுதிய சீட் மட்டும் காலியாக இருந்தால், அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு வருவார். "கால் வலிக்கலையா?" என்று ஒருமுறை கேட்டேன். "கால் வலி வூட்டுக்குப் போனா சரியாயிடும். சனி புடிச்சா அப்படிப் போவுமா?" என்றார்.

எட்டு சனியின் எண். கூட்டினால் எட்டு வருகிற எதுவும் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இத்தனைக்கும் நாங்கள் செஞ்சி வட்டாரத்துப் பழைய சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள். இந்த மாதிரி பயங்களுக்கு எங்கள் மதத்திலேயே உலக மூடம் என்று பெயர் வைத்து, அதை விடச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்துச் சொன்னால், "அது சாமியாருங்களுக்குச் சொன்னது. நான் பாத்திரக்கடை வெச்சிருக்கறவன்" என்பார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று நானும் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அவருக்கு உறைத்ததில்லை.

எங்கள் பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் எங்கள் கல்யாண நாளுக்கு எங்களைக் கப்பலில் அனுப்புவது என்று முடிவு செய்தாள். சென்னையில் ஏறி, இலங்கைப் பக்கம் போய், நாலைந்து நாளில் திரும்பி வரும் உல்லாசக் கப்பல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து, "அம்மா, ரூம் மட்டும் நீயே செலக்ட் பண்ணு. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள சொல்லிடு, விட்டா வேற யாராவது எடுத்துடுவாங்க" என்றாள். கப்பலின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒவ்வொரு மாடியும் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் இருந்தது. ஓரத்துப் பெட்டிகளுக்கு ஜன்னல் உண்டு. நடுப் பெட்டிகளுக்குக் கிடையாது. நாலு பக்கமும் சுவர், ஒரு கதவு, அவ்வளவுதான்.

நடு அறையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுத்தமான கட்டில், வெள்ளைத் துப்பட்டி, அழகான விளக்கு. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஜன்னல் அறைதான் வேண்டும் என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு சீக்கிரம் நான் தீர்மானித்ததில்லை.

அதற்குக் காரணம் உண்டு. நான் வல்லம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மணிலாக்கொட்டை விளைகிற கொல்லை தெரியும். கல்யாணமாகி வந்த வீடு செஞ்சி பஜாரில் இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். எங்கள் படுக்கையறைக்கு மட்டும் பின்னாலிருந்த சந்துப் பக்கம் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தால் கோட்டை மலையான ராஜகிரியின் உச்சி தெரியும். மத்தியானத்தில் அங்கே உட்கார்ந்துதான் நான் தலை வாருவேன்.

வந்த இரண்டாம் வருஷம் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. மனை பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் வீடு முழுக்க நடந்து, கதவையும் ஜன்னலையும் எண்ணினார். மொத்தம் இரட்டைப்படையில் இருக்க வேண்டுமாம். எங்களுடையது ஒற்றைப்படை. ஒன்று கூட்ட இடமில்லை, அதனால் ஒன்றைக் குறைத்துவிடுங்கள் என்றார். கடையின் கதவை அடைக்க முடியாது, சமையலறை ஜன்னலை அடைத்தால் புகை போகாது. மிச்சம் என் ஜன்னல். மறுநாளே கொத்தனார் வந்தார். சாயந்திரத்துக்குள் செங்கல் வைத்துப் பூசி வெள்ளையும் அடித்தாகிவிட்டது. அந்த இடத்தில் ராகு காலம் எமகண்டம் போட்ட தினசரிக் காலண்டர் ஒன்றை மாட்டினார்கள். வியாபாரம் பிறகு நன்றாகவே நடந்தது. அதனால் ஜன்னலைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லாமல் போயிற்று. முப்பது வருஷமாக அந்த அறையில்தான் படுக்கிறேன். கரண்ட் போய் மின்விசிறி நின்றால் முதலில் எழுந்து வெளியே ஓடுகிறவள் நான்தான். வீட்டில் எல்லாரும் அதைக் கொசுக்கடி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை கிடையாது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனை வாங்கினார். நாங்கள் கேட்ட வகையில் ஜன்னல் வைத்த அறை ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதன் எண் 6038. விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டுக் கூட்டினார்.

"பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. அதுவும் கடைசியில எட்டே வந்து நிக்குது. இது வேணாம்."

ஜன்னல் இல்லாத அறைகளில் 6224 இருந்தது. கூட்டினால் ஐந்து. ஐந்து அவருக்கு ராசியான எண். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்பரைப் பார்த்து ரூம் எடுக்கணும்னா லாட்ஜிலயே எடுக்கலாமே, கப்பல் எதுக்கு?" என்றேன்.

பெண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன், அவளாவது எனக்காகப் பேசுவாள் என்று. அவள் சிரித்துக்கொண்டே, "அப்பா, அந்தக் கப்பல்ல பதிமூணாவது மாடியே கிடையாது தெரியுமா? பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலு" என்றாள். என் பக்கம் வந்திருக்க வேண்டிய பந்து அவர் கைக்குப் போய்விட்டது.

"பார்த்தியா? கப்பல் கட்டனவனே பயப்படறான். நான் பயந்தா மட்டும் தப்பா?"

"பதினாலுன்னு எழுதிட்டா மட்டும் அது பதிமூணாவது மாடி இல்லைன்னு ஆயிடுமாங்க? கீழேருந்து எண்ணிப் பாருங்க."

"எழுதறதுதான் கணக்கு" என்றார்.

சாயந்திரம் பொழுது இறங்கும்முன் சாப்பாடு போட்டேன். சாப்பிட உட்கார்ந்தவரிடம் இன்னொரு வழியாகப் பேசிப் பார்த்தேன். "ஜன்னல் இல்லாத ரூம்ல உட்கார்ந்துகிட்டு பொழுது சாயறது எப்படித் தெரியும்? எப்போ சாப்பிடுவீங்க?" நல்ல கேள்விதான். அவரும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "போன்ல டைம் இருக்குது" என்று ரசத்தை ஊற்றச் சொன்னார்.

கரண்டி என் கையிலிருந்து தட்டில் விழுந்தது. நான் போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எனக்கு அந்த ரூம்ல மூச்சு முட்டும்" என்றேன். "இந்த வூட்டு ரூம்லயும் மூச்சு முட்டுது. முப்பது வருஷமா முட்டுது. அடைச்ச அன்னிலேர்ந்து நான் ஒரு நாளும் அங்கே நிம்மதியா தூங்கலை. கடலுக்கு நடுவுல போயும் சுவரைப் பார்த்துக்கிட்டுப் படுக்க என்னால ஆவாது. ஜன்னல் ரூம் இல்லைன்னா நான் வரலை. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

அவர் கையை உதறிவிட்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"நைனாவை புதுச்சேரி ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ பெட் நம்பர் இன்னா தெரியுமா?" என்றார். "இருபத்தாறு. வேற பெட் குடுங்கம்மான்னு நர்ஸ்கிட்ட கேட்டேன். சிரிச்சாங்க. நைனாவும் சிரிச்சாரு. சும்மா இருடா, மானத்தை வாங்காதன்னாரு. சரின்னு வுட்டுட்டேன். மறுநாள் காலையில நான் காப்பி வாங்கிட்டு மேல வரேன், துணி போட்டு மூடிட்டாங்க."

மாமனார் இறந்தது எனக்குத் தெரியும். அழுதவர்களில் நானும் ஒருத்தி. படுக்கையின் எண்ணை இதுநாள் வரை அவர் என்னிடம் சொன்னதில்லை.

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பாவத்தைப் பார்த்து இப்போது சரி என்று சொன்னால், நான் செத்தால்தான் வெளிக்காற்று. தட்டை எடுத்துப் போட்டுவிட்டு, கையைத் துடைத்து, அவர் எதிரிலேயே பெண்ணைக் கூப்பிட்டேன். "அறுபது முப்பத்தெட்டு போட்டுடும்மா" என்றேன். அவர் எழுந்தார். கைகழுவிவிட்டு, கடைப் பக்கம் போய் ஷட்டரை அரைக்குத் தூக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்.

கப்பல் ஏறிய அன்று அறைக்குள் முதலில் போனது நான். ஜன்னல் என் இரண்டு கையையும் விரித்தாலும் எட்டாத அகலம். திறக்க வராதாம், கண்ணாடி மட்டும்தான். இருந்தாலும் என்ன, அதற்கு அந்தப் பக்கம் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் உள்ளே வரவில்லை.

வெளியே கதவுப் பக்கம் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கள் கடையில் குடம், அண்டாவுக்கெல்லாம் விலை ஒட்டுகிற மஞ்சள் ஸ்டிக்கர். அதில் பேனாவால் ஆறு என்று எழுதி, கதவு எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். 60386. ஊரிலிருந்தே எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்.

"பதினேழும் ஆறும் இருபத்து மூணு. ரெண்டும் மூணும் அஞ்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் சிரித்திருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஒதுங்கி வழிவிட்டேன். அதன் பிறகுதான் அவர் செருப்பைக் கழற்றி, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

மறுநாள் காலை சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஸ்டிக்கர் இல்லை. அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன், யாரோ குழந்தை ஒட்டியிருக்கிறது என்று சுரண்டி எடுத்திருப்பான் போல. அவர் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து ஒட்டினார். மத்தியானம் அதுவும் போயிற்று. பிறகு ஒன்றை ஒட்டி, "தொந்தரவு செய்யாதீர்கள்" அட்டையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தவர்தான். அதற்குமேல் அவர் வெளியே வர மறுத்துவிட்டார். "கடைசி ஸ்டிக்கர் இது. நான் பார்த்துக்கறேன். நீ போய் மேல சுத்திப் பார்த்துட்டு வா" என்றார். நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டு, வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். நான் மேலே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எல்லாரும் ஜோடி ஜோடியாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அவருக்கு இட்லியை ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

ராத்திரியிலும் அவர் தூங்குவதாகவே தெரியவில்லை. நான் புரண்டு படுக்கும்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாங்க?" என்றால், "ஒண்ணும் இல்ல, நீ தூங்கு" என்றார். மூக்கருகே அவர் விரல் வந்து போனதை ஒரு விடியற்காலை உணர்ந்தேன். எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்திருக்கிறார். அவர் பயந்தது அவருக்காக இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குக் கோபமும் வந்தது. ஜன்னல் கேட்டதற்கு இந்த மனுஷன் என்னைப் படுக்கை இருபத்தாறில் போட்டுவிட்டாரே என்று.

கடைசி நாளுக்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். தோளைப் பிடித்துக் கட்டிலில் சாய்த்தேன். எழவில்லை. வாய் திறந்திருந்தது, குறட்டை விட்டார். வெயில் கடலில் பட்டு எகிறி நேராக அவர் முகத்தில் விழுந்தது, இமை துடித்தது. எழுந்துகொண்டால் மறுபடி தூங்கமாட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். கனமான திரை. அறை கும்மிருட்டாகிவிட்டது. எனக்கு நெஞ்சு அடைக்கத் தொடங்கியது.

கொஞ்ச நேரம் மேலே காற்றில் நின்றுவிட்டு வரலாம் என்று மெதுவாகக் கதவைத் திறந்தேன். வெளியே சுத்தம் செய்கிற பையன் நின்றிருந்தான். அட்டை கீழே விழுந்து கிடந்தது. அவன் நகம் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

"நோ, நோ" என்றேன். அவன் கையை எடுத்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவனுக்கு எதைச் சொல்வது? அறையைக் காட்டி, தூங்குகிறார் என்று கன்னத்தில் கை வைத்துக் காட்டினேன். பிறகு அந்த ஆறைக் காட்டிக் கும்பிட்டேன். அவன் விழித்தான், தலையை ஆட்டினான், வண்டியை அடுத்த கதவுக்குத் தள்ளிக்கொண்டு போனான். ஆனால் போகிற வழியில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். நான் அந்தப் பக்கம் நகர்ந்தால் இவன் இந்தப் பக்கம் வந்து எடுத்துவிடுவான் என்று தோன்றியது.

கிளம்பியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டினேன். அட்டையைக் கைப்பிடியில் மாட்டினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன்.